புல்லட்டில் போன குரல்

புல்லட் ஓட்டிக்கொண்டே பாட்டுக் கேட்பது சிரமமான காரியம், ஐயா. இன்ஜின் சத்தம் முதலில் காதை நிறைத்துவிடும். மிச்சமிருக்கிற இடத்தில் காற்று வந்து உட்கார்ந்துகொள்ளும். சின்ன டிரான்சிஸ்டரை டேங்க்மேல் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பாட்டுக் கேட்பதில்லை. பாட்டு ஓடுகிறது என்ற நம்பிக்கையில் போகிறார்கள், அவ்வளவுதான்.

சாம்ராஜும் அப்படி ஒரு டிரான்சிஸ்டரோடுதான் என் கடைக்கு வந்தான். நீங்கள் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். என் பெயர் ஞானஒளிவு. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இந்த ஊரில் கட்டுகிற ஒலிபெருக்கிகளில் பாதி என் கை பட்டவை. சாம்ராஜ் எங்கள் திருச்சபைப் பையன். பருத்தி விதையும் பூச்சி மருந்தும் விற்கிற ஒரு கம்பெனிக்கு ஏஜெண்ட். காலையில் புல்லட்டை எடுத்தால் கரிவலம்வந்தநல்லூர், வாசுதேவநல்லூர், இளையரசனேந்தல் என்று சுற்றிவிட்டுப் பொழுது சாயத்தான் திரும்புவான். நாளெல்லாம் தனியாகப் போகிறவனுக்கு ஒரு பேச்சுத் துணை வேண்டியிருந்தது. என்னை அண்ணாச்சி என்றும் என் மனைவி ஜெயபாயை மதினி என்றும் கூப்பிடுவான்.

அவனுக்கு முதலில் நான் செய்துகொடுத்தது நல்ல வேலை. அதைப் பெருமையாகவே சொல்வேன். காரில் மாட்டுகிற கேசட் செட் ஒன்றை மதுரையிலிருந்து வாங்கி வந்திருந்தான். புல்லட்டின் பேட்டரி ஆறு வோல்ட், செட்டுக்குப் பன்னிரண்டு வேண்டும். அதனால் பக்கவாட்டுப் பெட்டியில் தனியாக ஒரு பேட்டரி வைத்தேன். முன்னால் கால்களுக்குப் பாதுகாப்பாக இருக்கும் இரும்பு வளைவில், தகரப் பெட்டி செய்து இரண்டு ஸ்பீக்கர்களைப் பொருத்தினேன். மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க ரெக்சின் தைத்துப் போட்டேன். பேட்டரியிலிருந்து செட்டுக்குப் போகிற கம்பியை ரப்பர் குழாய்க்குள் விட்டு, பியூஸ் வைத்து, வண்டியின் சட்டத்தில் உரசாமல் கட்டினேன். அந்தப் பேட்டரியை வண்டி சார்ஜ் செய்யாது. ஆகவே வாரத்தில் இரண்டு முறையாவது அவன் என் கடைக்கு வந்து சார்ஜ் போட்டுக்கொண்டு போவான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. வண்டி அடிக்கடி என் கையில் இருந்தது.

பாட்டுக் கேட்க ஆட்கள் கூடுவதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. விதையைப் பற்றி ஒரு கேசட்டில் பேசிப் பதிந்து ஊர் ஊராகப் போட்டால் என்ன என்றான். அவன் குரல் கட்டைக்குரல். என் குரல் அதைவிட மோசம். ஜெயபாய் தொடக்கப்பள்ளி டீச்சர். பிள்ளைகளுக்குக் கதை சொல்லிப் பழகியவள். மதினி பேசினால் நன்றாயிருக்கும் என்று அவன்தான் சொன்னான். நான் சரி என்றேன். மறுக்க ஒரு காரணமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் என் கடையில் வைத்துப் பதிந்தோம். எழுதிக்கொண்டு வந்து வாசிப்பாள் என்று நினைத்தேன். அவள் எதுவும் எழுதவில்லை. மைக்கின் முன்னால் உட்கார்ந்து, கரிசல்காட்டில் களை எடுக்கிற இரண்டு பெண்களாக மாறிவிட்டாள். ஒருத்தி வாயாடி, ஒருத்தி அப்பாவி. “ஏட்டி, ஒன் பருத்தி மட்டும் இப்படிப் பூத்துக் கெடக்கே, ராத்திரி போயி அதுகிட்ட என்னத்தப் பேசுத?” என்று ஒருத்தி கேட்பாள். மற்றவள் வெட்கப்பட்டுக்கொண்டே விதையின் பெயரைச் சொல்வாள். இரண்டு குரலும் அவளுடையதுதான். சாம்ராஜ் சிரிப்பை அடக்க வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டான். கடைசியில் அவளாலும் அடக்க முடியவில்லை. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பும் பதிவாகிவிட்டது. அதை வெட்டவா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணாச்சி, அதுதான் உயிர் என்றான் சாம்ராஜ்.

எனக்கும் அவளுக்கும் கல்யாணமாகிப் பல வருஷம். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

இதை விளக்க வேண்டும். நான் கெட்ட புருஷன் இல்லை. ஒருநாளும் அவளைக் கை நீட்டி அடித்ததில்லை, குடித்ததில்லை. நாள் முழுக்கக் கடையில் இரைச்சலிலேயே இருக்கிறவன் நான். கல்யாணமான புதிதில், வீட்டிலாவது கொஞ்சம் சத்தம் இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொன்னேன். ஒரு முறைதான் சொன்னேன். அவள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாள். பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் கழுவுவாள். பிள்ளைகளும் எங்களுக்கு இல்லை. அமைதியான வீடு. அது அவளுடைய சுபாவம் என்றே நினைத்திருந்தேன்.

கேசட் ஊர் ஊராகப் போனது. கரிவலத்திலிருந்து தங்கசாமி என்று பருத்தி போடுகிற ஒரு சம்சாரி ரேடியோவைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். தன் காட்டில் வேலை செய்கிற பெண்கள் அந்தப் பேச்சை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே களை எடுப்பதாகச் சொன்னார். “டீச்சரம்மா குரலு கேட்டாத்தான் எங்க பிள்ள சாப்பிடுதான் அண்ணாச்சி” என்றார். டீக்கடையிலும் யாராவது இதையே சொல்வார்கள். நான் சிரித்துக்கொள்வேன். என் வீட்டுக்குள் இல்லாத ஒருத்தி வாசுதேவநல்லூர் ரோட்டில் இருந்தாள். அவளைப் பற்றி முன்பின் தெரியாதவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள்.

ஜெயபாயும் மாறினாள். அடுப்படியில் தனக்குத்தானே இரண்டு குரலில் பேசிப் பார்ப்பாள். நான் உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாள். அந்த நிறுத்தம்தான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. சாம்ராஜ் வந்தால் நிறுத்தமாட்டாள். “இந்தத் தடவ பூச்சி மருந்துக்கு ஒரு மாமியாரும் மருமகளும் போடுவமா?” என்று கேட்பாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் தப்பாக எதுவும் இல்லை, ஐயா. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். எனக்கு அப்போதும் அது தெரியும். அவன் அவளைச் சொந்த மதினியாகத்தான் நினைத்தான். தப்பு ஏதாவது இருந்திருந்தால் நான் கேட்டிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், ஊர் எனக்காகப் பேசியிருக்கும். அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதை நான் யாரிடம் போய்ப் புகார் சொல்ல முடியும்?

புரட்டாசி வாக்கில் அவன் செட்டை இன்னும் பெரிதாக்கக் கேட்டான். விதைப்புக் காலம், கூட்டம் அதிகம். பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை நானே கட்டிக்கொடுத்தேன். கூம்பு ஸ்பீக்கர் ஒன்றை முன்னால் ஏற்றினேன். சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒரு வண்டி கிடையாது. ஆனால் கம்பியையும் பியூஸையும் பழையபடியே விட்டிருந்தேன். அது என் கவனக்குறைவு, வேண்டுமென்று செய்ததல்ல. இளையரசனேந்தலில் கூட்டத்துக்கு நடுவில் பியூஸ் போய்விட்டது.

அவன் வந்து சொன்னது இதுதான். “நட்டநடுவுல நின்னு போச்சு அண்ணாச்சி. மதினி பேச வாயெடுத்ததும் ஊமையாயிட்டு. இனிமே நிக்காம பாத்துக்கிடுங்க.”

நிற்காமல் இருக்கத்தான் நான் செய்தேன். பியூஸையே எடுத்துவிட்டேன். கார்களுக்குப் போடுகிற தடித்த கம்பியாகப் போட்டேன். மெல்லிய கம்பி என்றால் எங்காவது உரசினாலும் தானே அறுந்துவிடும். தடித்த கம்பி அறாது, சூடேறிப் பழுக்கும். அதை ரப்பர் குழாய் இல்லாமல், டேங்குக்கு அடியில், சட்டத்தின் விளிம்பை ஒட்டி இழுத்தேன். பெட்ரோல் குழாய் அதன் பக்கத்திலேயே இறங்குகிறது. அவன் கேட்டதற்கு ஏற்றமாதிரிதான் நான் செய்தேன் என்று எனக்கு நானே நிறையச் சொல்லியிருக்கிறேன். ரப்பர் குழாய் அன்று கையில் இல்லை என்றும் சொல்லிக்கொண்டேன். அது அலமாரியில் இருந்தது.

புல்லட்டின் அதிர்வு உங்களுக்குத் தெரியும். நின்றுகொண்டிருந்தாலே ஹேண்டில்பார் நடுங்கும். அந்த அதிர்வில் கம்பியின் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். என்று தேய்ந்து முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. முடியாமலே போகவும் கூடும், அதற்குள் வேறு யாராவது பார்த்துச் சரி செய்யவும் கூடும். அந்த நினைப்பு எனக்குச் சௌகரியமாக இருந்தது. நான் எதுவும் செய்யவில்லை, ரோடு செய்யட்டும் என்று விட்டுவிட்டதாக நினைத்தேன். செட் கருகிப் போகும், வண்டி கொஞ்சம் தீயும், அவன் பயந்துபோய் இந்த வேலையை விட்டுவிடுவான், வீடு பழையபடி ஆகும். அதற்கு மேல் நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் சார்ஜ் போட வந்தபோதெல்லாம் நான் சீட்டை நீக்கிவிட்டு, டேங்கை லேசாகத் தூக்கிப் பார்ப்பேன். அவன் அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருப்பான். “எல்லாம் நல்லா இருக்கா அண்ணாச்சி?” என்பான். நல்லாருக்கு என்பேன். சிவப்பு மேல்தோல் முதலில் மினுமினுப்பை இழந்தது. பிறகு ஒரு பள்ளம் விழுந்தது. பள்ளம் ஆழமாவதை நான் ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றினால் போதும். டேப் என் சட்டைப்பையிலேயே இருக்கும். சில நாள் அதைச் சுற்றிவிட நினைத்துக்கொண்டே, சார்ஜ் ஏறுகிற நேரத்தில் வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். அடுப்படியில் பேச்சு நின்றுபோகும். மறுபடி வந்து டேங்கின் போல்ட்டை முறுக்கிவிடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், கரிவலத்திலிருந்து வருகிற ரோட்டில், கண்மாய்க்கரைத் திருப்பத்தில் அது நடந்தது. மருதப்பன் என்று ஒரு கோனார் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். தூரத்திலேயே அந்தப் பொம்பளக் குரல் கேட்டது என்றார். கிட்டே வந்தபோது டேங்குக்கு அடியிலிருந்து புகை. சாம்ராஜ் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கித் தள்ளி நின்றுவிட்டான். பிழைத்துவிட்டான் ஐயா. ஒரு காயமும் இல்லாமல் வேப்பமரத்துக்குக் கீழே நின்றிருக்கிறான். குரல் மட்டும் நிற்காமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. என்ன நினைத்தானோ, திரும்ப ஓடிப்போய்ச் செட்டைப் பிடித்து இழுத்திருக்கிறான். அப்போது டேங்கில் தீப்பிடித்துக்கொண்டது. மருதப்பன் தன் கம்பளியைப் போட்டு உருட்டி அணைத்தார். அவர் கையிலும் காயம்.

பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஜெயபாயும் போனோம். அவளை உள்ளே விட வேண்டாம் என்றார்கள், நான் மட்டும் போனேன். முகம் தப்பியிருந்தது. கழுத்துக்குக் கீழே வாழை இலை போட்டு மூடியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவன் மன்னிப்புக் கேட்டான்.

“நான்தான் அவசரப்பட்டுத் திரும்பிப் போனேன் அண்ணாச்சி. நீங்க கையால செஞ்ச செட்டு. எரியட்டும்னு பாத்துக்கிட்டு நிக்க மனசு வரல.” பிறகு கேட்டான். “மதினி பேசுன டேப்பு போச்சு. இன்னொண்ணு வச்சிருக்கியளா?”

இல்லை என்றேன். அசல் டேப் என் கடையில் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவனுக்கு ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கு மக்கா, தாரேன் என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் அவன் இறந்துபோனான்.

மற்றதெல்லாம் அந்த நேரத்தில் இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வயரிங் வேலை செய்தவன் என்பதால் எரிந்த வண்டியைப் பார்க்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். டேங்க் வெடித்து விரிந்திருந்தது. சட்டத்தின் விளிம்பில், நெல்மணி அளவுக்குச் செம்பு உருகி ஒட்டியிருந்தது. அந்த ஒன்றைத் தவிர வேறு அடையாளம் எதுவும் இல்லை. பெருவிரல் நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டி எடுத்துத் தரையில் தேய்த்துவிட்டேன். பிறகு எழுந்து, பெட்ரோல் கசிவாக இருக்கலாம் என்று சொன்னேன். இருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

அந்த வாரம்தான் மூக்காண்டி அந்த வண்டியின் கார்ப்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தான். மூக்காண்டி திருவேங்கடம் ரோட்டில் மெக்கானிக். நல்ல வேலைக்காரன். நான் “இருக்கலாம்” என்றது பஸ் ஸ்டாண்ட் போய்ச் சேருவதற்குள் மூக்காண்டி என்றாகிவிட்டது. சாம்ராஜின் அண்ணன் அவனைக் கடைவாசலில் வைத்து அடித்தான். மூக்காண்டி திருப்பி அடிக்கவில்லை. நான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகு அவனிடம் யாரும் வண்டி விடவில்லை. கடையை மூடிவிட்டு வாசுதேவநல்லூர்ப் பக்கம் தோப்பில் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டான்.

ஜெயபாய் பேச்சை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. பள்ளிக்கூடம் போவாள், வருவாள். பாத்திரம் ஓசைப்படாமல் கழுவப்படும். நான் விரும்பிய வீடு எனக்குக் கிடைத்தது. அதில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் பலநாள் கடைக்கே வந்துவிடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் மாட்டுகிற கருவியைப் போட்டு, அந்தச் சிரிப்பு வருகிற இடத்தை மட்டும் கேட்பேன். வெளியே யாருக்கும் கேட்காது.

இந்த ஆண்டு ஆடித்தபசு சமயத்தில் மூக்காண்டி என் கடைக்கு வந்தான். ஆளே பாதியாகியிருந்தான். சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தேன் என்றான். டீ வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி பேசினான்.

“ஊரே ஏசிச்சு. நீங்க ஒருத்தருதான் அண்ணாச்சி எம்மேல ஒரு சொல்லுச் சொல்லல. அதுக்குத்தான் வந்தேன். அந்தப் பெட்ரோல் பைப்ப நான் சரியா மாட்டலையோ, கிளிப்ப இறுக்கலையோன்னு இப்பமும் யோசிக்கேன். மாட்டுன மாதிரிதான் ஞாபகம். ஆனா நெசமா மாட்டுனேனான்னு இப்ப எனக்கே தெரியல.”

அவன் மாட்டியிருந்தான், ஐயா. கிளிப்பை இறுக்கியுமிருந்தான். வண்டி அவன் கையை விட்டு என் கைக்கு வந்தபோது நான் பார்த்தேன். பெட்ரோல் ஒரு சொட்டுக் கசியவில்லை. இதை அவனிடம் சொல்ல வாய் வந்தது. டீ ஆறுது, குடி என்றேன். போகும்போது என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அன்று முழுவதும் ஒரு வேலையும் பார்க்கவில்லை. வெட்கம் என்றால் என்னவென்று அதற்கு முன் எனக்குத் தெரியாது என்றே சொல்வேன். சாம்ராஜ் மன்னிப்புக் கேட்டபோதுகூட இப்படி இல்லை.

ஆகவே மூக்காண்டிக்காக வந்திருக்கிறேன். அவன் பெயரை இந்தக் கேஸிலிருந்து நீங்கள் எடுத்துவிட வேண்டும்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். ரோடு செய்யட்டும் என்று விட்டதாகச் சொன்னேன். அது முழுதும் சரியில்லை. கடைசி நாள் காலையில், கரிவலம் போகிற வழியில் சாம்ராஜ் என் கடைக்கு வந்தான். நான் டேங்கைத் தூக்கிப் பார்த்தேன். பள்ளத்தில் செம்பு தெரிந்தது. புதுச் செம்பு, பளபளவென்று. அது இன்னும் சட்டத்தில் படவில்லை, ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி இருந்தது. நான் கம்பியைச் சட்டத்தின் பக்கமாக நகர்த்தி வைத்தேன். ஒரு விரலால்தான் நகர்த்தினேன். பெட்ரோல் குழாய் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நகர்த்தினேன். பிறகு போல்ட்டை முறுக்கி, விரலைத் துடைத்துக்கொண்டு, போயிட்டு வா என்றேன். நான்தான் கொன்றேன்.

நீங்கள் கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தெரிந்தால் வேறுமாதிரி நினைப்பீர்கள். மூக்காண்டி வந்துபோய் மாதங்கள் ஆகின்றன. முந்தாநாள் ஜெயபாயின் பள்ளிக்கூடத்தில் விழா. அவளை அழைத்துவரப் போனவன் சன்னலுக்கு வெளியே நின்றேன். உள்ளே அவள் பிள்ளைகளுக்கு ஒரு கதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள், ஒரு வாயாடியாகவும் ஒரு அப்பாவியாகவும். பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவளும் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு. நேற்று வீட்டில் அடுப்படியிலும் ஏதோ பேச்சுக் கேட்டது. நான் போனேன், நின்றுவிட்டது. இன்று காலையில் இங்கே வந்தேன். இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் மூக்காண்டிக்காகத்தான் வந்தேன்.

ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். ஜெயபாயிடம் என்னால் சொல்ல முடியாது. நீங்களே ஆள் அனுப்பிச் சொல்லிவிடுங்கள். சொல்லும்போது கம்பியைப் பற்றி மட்டும் சொன்னால் அவளுக்குப் புரியாது. அவள் பேசியதால்தான், சிரித்ததால்தான் இதெல்லாம் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பாவம், அவளும் தெரிந்துகொள்ள வேண்டும் இல்லையா?